தவ்தீத்தோவுக்கு ஒரு தமிழ்ச் சொல்

என் பெயரை எடுத்துடுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும், இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், காரணம் கேட்டால் சிரித்துவிடலாம், சிரிப்பு இப்போது நன்றாகவே வருகிறது, வாயின் வலது ஓரம் கொஞ்சம் சோம்பல்படுவதைத் தவிர. என் பெயரை எடுத்துடுங்க. பாரிஷ் ஹாலின் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஏறிக்கொண்டே ஏலிஷ்பா இதை உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். என், பெயர், இரண்டும் நல்ல பிள்ளைகள், கூப்பிட்டால் வந்துவிடும். கடைசிச் சொல்தான் சண்டி. வினைச்சொற்கள் எல்லாமே அவளிடம் அப்படித்தான் நடந்துகொள்கின்றன, பக்கவாதம் வந்துபோன இந்த ஏழெட்டு மாதமாக. எடு என்று நினைத்தால் கொடு வரும், கொடு என்று நினைத்தால் ஒன்றுமே வராது, தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் யாரோ கேட்டைச் சாத்திவிட்டுப் போன மாதிரி. என் பெயரைக் கொடுத்துடுங்க என்று சொல்லி வைத்தால் என்ன ஆகும்? பௌலோஸ் அச்சன் அதற்கும் தலையாட்டுவார். ஆகட்டும் டீச்சர், கொடுத்துடலாம் என்பார். அந்தக் குரலே காதில் கேட்டுவிட்டது, படியில் நின்று தனியாகச் சிரித்தாள். கீழே காரின் கதவைப் பிடித்தபடி அவள் ஏறி முடிக்கும்வரை நகராமல் நின்ற கணவர் குருவிளா, "என்ன ஏலி, தலை சுத்துதா?" என்று பதறினார். இல்லை என்று கையசைத்தாள். பாவம் மனுஷன். சிரித்தால் பயம், தூங்கினால் பயம், கொட்டாவி விட்டால் பயம், ராத்திரி அவள் மூச்சு சீராகப் போகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறார், தூங்குகிற மாதிரி அவள் கிடப்பது அவருக்குத் தெரியாது. அந்த விரலுக்கு நன்றி. எல்லாவற்றுக்கும்தான் நன்றி. அதனால்தான் இது இன்றைக்கே முடிய வேண்டும். நன்றி இவ்வளவு ஏறிப்போனால் ஒரு கட்டத்தில் மூச்சு முட்டுகிறது. செய்யாத வேலைக்கு இதழின் ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. எடுத்துடுங்க. எடுத்துடுங்க.

மாடியறை அப்படியே இருந்தது, அதே நீள மேசை, அதே மின்விசிறி, சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் 'டக்' என்று தொண்டையைச் செருமுகிற அதே பழக்கத்தோடு. பக்கத்துக் கோயிலில் காலை ஆராதனை முடிந்து குந்திருக்கப் புகையின் வாசனை ஜன்னல் வழியே வந்து தங்கியிருந்தது. அந்த வாசனைக்கும் கீழே பேக்கரியில் வேகும் பன்னின் வாசனைக்கும் நடுவில்தான் 'கீழ்த்திசை' பிறந்து வளர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை வருகிற இதழ், ஆர்த்தடாக்ஸ் இறையியலுக்கும் தத்துவத்துக்கும். கோயம்புத்தூரில், தமிழில், இப்படி ஒன்று எதற்கு என்று கேட்காதவர் கிடையாது. சபையில் பாதிப் பேருக்கு வீட்டில் மலையாளம், மீதிப் பேருக்கு இங்கிலீஷ், அப்புறம் யார் படிக்க? ஏலிஷ்பா படிக்க, என்று ஒரு காலத்தில் பதில் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பாவின் அப்பா மில் வேலைக்கென்று பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்தவர், அவளோ இங்கேயே பிறந்து இங்கேயே படித்து, தமிழில்தான் யோசிக்கிறவள், கல்லூரியில் முப்பது வருஷம் தத்துவத்தை இங்கிலீஷில் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் சந்தேகப்படுகிறவள். தான் நம்புவதைத் தான் யோசிக்கிற மொழியில் படிக்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். பௌலோஸ் அச்சன், இந்தக் கோயிலின் பாதிரியார், பழைய வழிபாட்டு மொழியான சுறியானி படித்தவர், உடனே சரி என்றார். அவர் எதற்கும் உடனே சரி என்பார். மூன்றாவது ஆள்தான் தானாக வந்தது. முதல் இதழில் அவள் எழுதிய கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒருவர் பதில் எழுதி அனுப்பியிருந்தார்; கனகசபாபதி, பொள்ளாச்சிப் பக்கம், சைவ சித்தாந்தம் போதிக்கிற பேராசிரியர், நெற்றி நிறையத் திருநீறு. கடவுளின் சாரம் வேறு, அதன் ஆற்றல் வேறு என்று நீங்கள் பிரிப்பது கத்தி இல்லாமல் பழம் வெட்டுவது போல என்று எழுதியிருந்தார். அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை, அப்புறம் போன் போட்டு, எங்கள் ஆசிரியர் குழுவில் சேருகிறீர்களா என்று கேட்டாள். "நான் சாமி கும்பிடறது வேற இடமுங்களே" என்றார். அதனால்தான் கேட்கிறேன் என்றாள்.

"வாங்க மேடம், வாங்க, பாத்துங்க, அந்தச் சேர்ல உக்காருங்க" என்று கனகசபாபதி எழுந்து மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். தன் நாற்காலியை. அவர் எழுந்து நிற்பதே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் அவள் உள்ளே வரும்போது தலைகூட நிமிர மாட்டார், படித்துக்கொண்டிருக்கிற காகிதத்திலிருந்து விரலை மட்டும் எடுத்து, இங்க பாருங்க மேடம், இந்த ஆள் என்ன எழுதியிருக்காப்லன்னு, என்று சண்டையை நடுவிலிருந்து தொடங்குவார். இப்போது சேர். அச்சன் தண்ணீர் ஊற்றி வைத்தார். சொல்லிவிடலாமா? இப்போதே, உட்காருவதற்கு முன்னால்? என் பெயரை. வாயைத் திறந்தாள். "இன்னைக்கு நீங்கதான் வாசிக்கணும் டீச்சர்" என்றார் அச்சன், "பழையபடி." சுறியானியிலிருந்து மொழிபெயர்த்த ஒரு கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை அவள் முன்னால் நகர்த்தினார். பழையபடி. ஒவ்வொரு கட்டுரையையும் அச்சுக்கு அனுப்பும் முன் சத்தமாக வாசித்துவிடுவது அவர்கள் வழக்கம், ஒருவர் தமிழை வாசிக்க, அச்சன் மூலத்தில் விரலோட்டிக்கொண்டே வர, கனகசபாபதி பென்சிலோடு காத்திருக்க. கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும். வாசிப்பது எப்போதும் அவள்தான். அவள் குரல் அப்படி. இருந்தது. சரி, ஒரு பக்கம் வாசிக்கலாம், அவர்களே புரிந்துகொள்வார்கள், அப்புறம் சொன்னால் சுலபமாக இருக்கும்.

வாசித்தாள். கல்லிலிருந்து கல்லுக்குக் கால் வைத்து வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. எழுத்துகள் இன்று ஒழுங்காக இருந்தன. அன்றைக்கு அப்படி இல்லை. அன்றும் இதே மாதிரி மெய்ப்புத் தாள்தான், வீட்டு மேசையில், மாலை நாலு மணி வெயில் தாளின் மேல் சாய்ந்து கிடந்தது. ஒரு வரியின் நடுவில் எழுத்துகள் சும்மா நின்றுவிட்டன. எல்லாம் அங்கேயேதான் இருந்தன, கறுப்பாக, அழகாக, ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். அதே. அப்போது பயம்கூட வரவில்லை, ஒரு எரிச்சல்தான், அச்சகத்துக்காரர் ஏதோ எழுத்துருவை மாற்றிவிட்டார் என்று. குருவிளாவைக் கூப்பிட்டாள். கூப்பிட்டது குருவிளா என்றுதான் அவள் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது குடை. மறுபடி கூப்பிட்டாள். குடை. குடை, குடை என்று அவள் கத்த, அவர் சமையலறையிலிருந்து, வெளியே இவ்வளவு வெயிலடிக்கிறதே என்று முனகிக்கொண்டே நிஜமாகவே குடையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அந்த முகம். அவள் வலது கை மேசையிலிருந்து நழுவித் தொங்குவதை அவர் பார்த்த அந்தக் கணத்து முகம். குடையைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே அவளைத் தூக்கினார், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்போதும் குடை அவர் அக்குளில் இருந்தது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் அவளுக்கு உலகத்தில் எல்லாமே குடை. தண்ணீர் குடை. வலி குடை. மருமகளின் பெயர் குடை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் பூட்டுப் படத்தைக் காட்டி இது என்னம்மா என்று கேட்பாள். பூட்டு என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, எதற்கு என்று தெரிந்தது, வீட்டுப் பூட்டு எந்தக் கடையில் வாங்கியது என்றுகூடத் தெரிந்தது, சொல்ல மட்டும் முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கின வாயால், குடை என்றாள். வெரி குட்மா, இன்னொரு தரம், என்றாள் அந்தப் பெண். கோபப்படவே மாட்டாள். அவளுக்கு நன்றி. அவள் சட்டைப்பையில் வைத்திருந்த அந்தப் பூட்டுப் படத்துக்கும்.

நின்றுவிட்டாள் போலிருக்கிறது. அச்சன் அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தார். தொடர்ந்தாள். அச்சன் எப்போதும் எடுத்துக் கொடுப்பார், வழி தெரியாதவருக்குக் கை நீட்டுகிற மாதிரி, அது அன்பு, அது அன்புதான், ஆனால் அந்தச் சொல் தானாக வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் அவர் கை நீட்டிவிடுகிறார். ஆஸ்பத்திரியில் ஒரு செமினாரி முதல்வர் பார்க்க வந்தார். அவள் ஆராய்ச்சியே கடவுளுக்கு முன் சொற்கள் தோற்பதைப் பற்றித்தான், கடவுள் இது அல்ல, இதுவும் அல்ல என்று விலக்கிக்கொண்டே போய் மௌனத்தில் நிற்கிற கீழைத் துறவிகளைப் பற்றி. முதல்வர் அதைக் குறிப்பிட்டு, ஆண்டவர் உங்களை நீங்கள் எழுதின அந்த மௌனத்துக்குள்ளேயே அழைத்துக்கொண்டு போயிருக்கிறார் என்றார், கண்கள் பனிக்க. அபத்தம் என்று சொல்லத் துடித்தாள். குடை என்றாள். அவர் பயபக்தியோடு தலையசைத்தார். இது மௌனம் இல்லை ஐயா. மௌனம் என்பது பேசத் தெரிந்தவன் வாயை மூடிக்கொள்வது. இது மூத்திரம் வருகிறது என்று சொல்ல முடியாமல் படுக்கையை நனைத்துவிட்டு, நனைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாமல் கிடப்பது. தான் எழுதின பக்கங்களை எல்லாம் நினைத்துக் கூசினாள். ஆனால் ஒன்று நடந்தது, அதை இன்னும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல்முறையாகக் கோயிலுக்கு அழைத்துப்போன ஞாயிறு, எல்லாரும் குரியேலாயிசோன் என்று பாட, ஆண்டவரே இரங்கும் என்று அந்த நாலாயிரம் தரம் பாடின பழைய வேண்டுதல், அவள் வாயும் திறந்து, பிசிறில்லாமல், முழுசாக, குரியேலாயிசோன். பக்கத்தில் குருவிளா குலுங்கிக் குலுங்கி அழுதார். வெளியே வந்து தண்ணீர் கேட்க முடியவில்லை, குடைதான். டாக்டரிடம் கேட்டால் அது அப்படித்தான், பாட்டும் பழக்கமான ஜெபமும் மூளையில் வேறு வழியில் வரும் என்றார். அப்படியென்றால் இத்தனை வருஷம் ஜெபித்தது கிளியா? அதில் கொஞ்ச நாள் சிக்கிக் கிடந்தாள், சுற்றிச் சுற்றி வந்தாள். ஒருநாள் விடியற்காலையில் தோன்றியது, கிளியாகவே இருக்கட்டும், வீடு எரிந்தபோது அதுதானே கூண்டில் உயிரோடு இருந்தது. அப்புறம் சொற்கள் திரும்பின. கல்யாண வீட்டில் பையை மறந்து வைத்துவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிற மாதிரி, சம்பந்தமில்லாத நேரத்தில், தலையை நீட்டி, இங்கேதானே வைத்தேன் என்று. தமிழ்தான் முதலில் வந்தது. சம்பளம் கொடுத்த இங்கிலீஷ் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. விடிந்ததும் படுத்தபடியே எண்ணிப் பார்க்கிறாள்: விசிறி. ஜன்னல். கொசுவலை. குருவிளா. எல்லாம் இருக்கிறது. இப்போதைய காலை ஜெபம் இவ்வளவுதான், இதைவிட நல்ல ஜெபம் அவள் செய்ததாக ஞாபகம் இல்லை.

பக்கம் புரண்டது. கனகசபாபதியின் பென்சில் எங்கோ ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தியது. இவருக்கான நன்றிதான் எல்லாவற்றிலும் பெரிசு. வாரம் தவறாமல் வந்தார், பஸ் ஏறி, கையில் மெய்ப்போடு. அவளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள், வாயோரம் துண்டு. எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்க மாட்டார், பதில் சொல்லும் கஷ்டத்தை எதற்குக் கொடுப்பது என்று. நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுத்த இதழுக்கான கட்டுரைகளைச் சத்தமாக வாசிப்பார், அந்தப் பொள்ளாச்சிக் குரலில், கிரேக்கப் பெயர்களை எல்லாம் நம்ம ஊர் கவுண்டர்கள் பெயர் மாதிரி ஆக்கி. அவள் இடது கையில் ஒரு பென்சிலைத் திணித்து வைப்பார். தப்பு இருந்தால் தட்டுங்க மேடம். அவளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் உலகத்தில் யாரோ ஒருத்தர் அவளை இன்னும் தட்டக்கூடியவளாக நினைக்கிறார். ஒரு நாள் தட்டினாள். என்ன தப்பு என்று சொல்ல முடியவில்லை, அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து, கடைசியில் தானே கண்டுபிடித்து, "அட, ஆமாங்க" என்று தொடையில் அடித்துக்கொண்டார். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை, சந்தோஷத்தில். அந்த இதழ் வந்தபோது உள்ளட்டையில் அவள் பெயர் முதலில், என்றும் போல. சாகும்வரை மறக்க முடியாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொன்றும் தெரிந்தது. அவர் சண்டை போடுவதில்லை. பேச்சு கொஞ்சம் வந்த பிறகும் போடவில்லை. அவள் தத்துப்பித்தென்று எதையாவது சொன்னால், "சரியாச் சொன்னீங்க மேடம்." போன மாதம் வேண்டுமென்றே, அவர் சுத்தமாக ஒத்துக்கொள்ள முடியாத ஒன்றை, ஆன்மா படைக்கப்பட்டது, ஒரு தொடக்கம் உடையது என்று சொல்லிப் பார்த்தாள். ஆன்மாவுக்குத் தொடக்கமே இல்லை என்கிற அவர் சித்தாந்தத்தின் அடிமடியிலேயே கை வைத்த மாதிரி. கனகசபாபதி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "அப்படியும் எடுத்துக்கலாமுங்க" என்றார். அவர் போன பிறகு அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பூட்டு என்று சொல்ல முடியாதபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. ஆக, அவ்வளவுதான். நான் முடிந்துவிட்டேன், இவர்கள் என் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மாலைக்குப் பின்னால் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று முடிவு செய்ததுதான். என் பெயரை எடுத்துடுங்க.

"இங்கே நிறுத்துங்க டீச்சர்" என்றார் அச்சன். மூலத்தில் விரலை ஊன்றியிருந்தார். தமிழில் 'மனிதன் மூச்சுவிடத் தொடங்கும்போதே நன்றிக்குள் வந்துவிடுகிறான்' என்றிருந்தது. "இங்கே சுறியானியில தவ்தீத்தோ. நன்றின்னு மட்டும் போட்டா பாதி போயிடும். அந்த ஒரே சொல்லு நன்றிக்கும் உண்டு, விசுவாசத்த வாயால ஏத்துச் சொல்றதுக்கும் உண்டு. ரண்டும் அவங்களுக்கு ஒண்ணுதான்." ஏலிஷ்பா அந்தச் சொல்லை உதட்டுக்குள் உருட்டினாள். தவ்தீத்தோ. எவ்வளவு வருஷமாகத் தெரிந்த சொல், ஆனால் இன்றைக்கு அது அவளுக்காகவே வந்து உட்கார்ந்திருந்தது போலிருந்தது. மனசுக்குள் இருந்து வெளியே வந்தே ஆகவேண்டிய நன்றி. எல்லார் காதிலும் விழவேண்டிய நன்றி. "நன்றியறிக்கை" என்றாள். தடையே இல்லாமல் வந்தது. "பிரமாதம் டீச்சரே!" என்று அச்சன் கை தட்டாத குறை. "எழுதிக்கோங்க சார், நன்றியறிக்கை. இதைவிடப் பொருத்தமா வராது." இதோ, இன்னொரு மாலை. கனகசபாபதி பென்சிலைத் தாளின் மேல் வைத்தார். எழுதப்போகிறார். எழுதட்டும், எழுதி முடித்ததும் சொல்லிவிடலாம், என் பெயரை. பென்சில் நகரவில்லை. மின்விசிறி தொண்டையைச் செருமியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இல்லீங்க மேடம்" என்றார், "அது தப்புங்க."

அச்சன் அவரைப் பார்த்தார். ஏலிஷ்பா பார்க்கவில்லை, அவளுக்குக் காது ஜிவ்வென்றது. "அறிக்கைன்னா இன்னைக்கு என்னங்க? கட்சித் தலைவர் விடறது அறிக்கை. வானிலை அறிக்கை. மூச்சுவிட ஆரம்பிக்கற கொழந்த அறிக்கையா விடுது?" என்றார் கனகசபாபதி. "எங்க சபையில விசுவாச அறிக்கைன்னுதானே சார் சொல்றோம்" என்று அச்சன் குறுக்கே வந்தார். "உங்களுக்குச் சரிங்க ஃபாதர், படிக்கறவங்க எல்லாம் உங்க சபையாளுங்களா? நன்றியறிதல்னு தமிழ்ல ஒரு சொல்லு கையிலயே இருக்குது. நன்றிங்கறது தேங்க்ஸ் இல்லீங், ஒருத்தர் நமக்குச் செஞ்ச நல்லது. அதை அறியறதுதான் நன்றியறிதல். அறிஞ்சாப் போதும், அறிஞ்சவன் ஆளே மாறிடுவான். வாயத் தொறக்கறது அப்புறமேல்ட்டு." ஏலிஷ்பாவுக்குக் கழுத்து சூடாகியது. இது ரத்தக் கொதிப்பா? இல்லை, இது கோபம், எவ்வளவு நாளாயிற்று, எப்படி இருக்கிறது பார், கை விரல் நுனிவரை ஓடுகிறது. "இல்ல" என்றாள். "அறியறது... உள்ளே. இது வெளியே. வாய். எல்லார் முன்னாலயும். உள்ளே தெரிஞ்சா... தவ்தீத்தோ இல்ல. ஊமைக்கு... ஊமைக்கு நன்றி உண்டு. தவ்தீத்தோ கிடையாது." மேசையில் தட்டினாள், இடது கையால். கனகசபாபதி முன்னால் சாய்ந்தார், பழைய கண்கள், பழைய சாய்வு. "அப்படீன்னா, சொன்னாத்தான் நன்றின்னா, இத்தன மாசமா நீங்க எனக்கு நன்றியே காட்டலைன்னு ஆவுதுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லலை. சொல்ல முடியலை. ஆனா நான் ஒவ்வொரு தடவை உங்க வீட்டுப் படியிறங்கும்போதும் அதை வாங்கிட்டுத்தான் போனேன். எனக்குத் தெரிஞ்சுதுங்க மேடம். உங்க வாயே தொறக்கலை. அது என்னங்க, அப்போ?"

"சார்!" என்றார் அச்சன், மூச்சடைத்தவராக. அவள் நோயை யாரும் வாதத்துக்கு எடுத்ததில்லை. அதைப் பஞ்சில் சுற்றி, தொடாமல், அதைச் சுற்றி நடந்துபோவார்கள், அவள் எதிரே அந்தச் சொல்லைக்கூட உச்சரிக்க மாட்டார்கள். இந்த மனுஷர் அதை ஒரு எடுகோள் மாதிரி மேசையில் எடுத்து வைத்துவிட்டார், இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று. வலித்தது. வலித்த இடத்திலேயே எதுவோ எழுந்து உட்கார்ந்தது. பதில் சொல்லக்கூடியவளிடம்தானே கேட்பார்கள். "உங்களுக்கு... தெரிஞ்சுது" என்றாள் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து. "உங்களுக்குப் போதும். எனக்கு... எனக்குப் போதல. நான் சொல்லணும்." குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள். இப்போது நிச்சயம் விட்டுக்கொடுப்பார். அழுகிற பெண்ணிடம் யார் வாதாடுவார்கள். கனகசபாபதியின் கண்ணும் நனைந்துதான் இருந்தது, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே, "அது உங்க தவிப்புங்க மேடம்" என்றார். "தவிப்பு வேற, சொல்லுக்குப் பொருள் வேற."

ஏலிஷ்பா வாய்விட்டுச் சிரித்தாள். வலது ஓரம் கோணிக்கொண்டு, எச்சில் தெறிக்க, அடக்க முடியாமல். அப்புறம் என்ன நடந்தது என்பது வரிசையாக நினைவில்லை. சண்டை இப்படியும் அப்படியுமாகப் போயிற்று, டீ வந்து ஆடை கட்டி ஆறிப்போயிற்று, அவள் வினைச்சொற்களைத் தப்பும் தவறுமாக வீசினாள், அவர் அவற்றைத் திருத்தாமல் கருத்தை மட்டும் பிடித்துத் திருப்பி அடித்தார். நடுவில் அச்சன், "ரண்டு சொல்லையும் போட்டு நடுவில ஒரு சாய்கோடு போட்டா என்ன?" என்றார், இருவரும் ஒரே நேரத்தில், "வேண்டாம்!" என்றார்கள். ஒரு கட்டத்தில் அவளுக்கே தெரிந்துவிட்டது. அறிக்கை நிற்காது. அந்தச் சொல்லின் மேல் மைக்செட்டின் இரைச்சல் ஏறிவிட்டது, கட்டுரையின் அந்த மென்மையான வாக்கியத்தில் அது செருப்புக் காலோடு நிற்கும். அவர் சொல்வது சரி, சொல்லைப் பொறுத்தவரை. "சரி" என்றாள். "நன்றியறிதல். ஆனா..." "ஆனா என்னங்க?" "அடி..." என்றாள். நின்றுவிட்டது. தெரியும், பக்கத்தின் கீழே, சின்ன எழுத்தில், கோடு போட்டு, தெளிவாகத் தெரியும். "அடி..." அச்சன் வாயைத் திறந்தார். கனகசபாபதி அவர் பக்கம் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினார். காத்திருந்தார்கள். கீழே தெருவில் காய்கறி வண்டி கத்திக்கொண்டு போய், திருப்பத்தில் மறைந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தக் காத்திருப்பு எவ்வளவு அகலமாக இருந்தது, ஒரு முழு மனுஷி அதில் தாராளமாக நடந்து வரலாம். "அடிக்குறிப்பு" என்றாள். "எழுதுங்க" என்றார் அவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "உங்க மறுப்ப விலாவாரியா எழுதுங்க, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங். அதுக்குக் கீழ என் மறுப்பும் வரும், இப்பவே சொல்லிட்டேன். சும்மா விடுவேன்னு நெனைக்காதீங்க."

கீழே குருவிளா காரில் இல்லை, வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவு நேரமும் நின்றிருக்க வேண்டும், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்துவிட்டு, மெல்ல, "சொல்லிட்டியா ஏலி?" என்றார். அவளுக்கு ஒரு கணம் எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து மனப்பாடம் செய்த அந்த வாக்கியம் முழுசாக, சுத்தமாக, நினைவிலிருந்து போயிருந்தது, அது போனதற்காக அவள் பயப்படவும் இல்லை. "இல்ல" என்றாள். "தோத்துட்டேன்." அவர் முகம் விழுந்தது. "யாருகிட்ட? என்ன சொன்னாங்க? வருத்தப்படற மாதிரி ஏதாவது..." அவள் தலையை ஆட்டினாள், சிரிப்பு வந்தது, அவர் வியர்த்த கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா... நல்லாத் தோத்தேன்" என்றாள். வண்டி நகர்ந்தது, பேக்கரி வாசனை பின்னால் போயிற்று, ஜன்னல் வழியே காற்று முகத்தில் அடித்தது, மனசு அதற்குள் மேசையில் உட்கார்ந்துவிட்டிருந்தது. முதல் வாக்கியம் வந்துவிட்டது, தமிழில், வினைச்சொல்லோடு: பேராசிரியர் கனகசபாபதி இங்கே தவறுகிறார், ஏனெனில். ஏனெனில் என்ன? அது இன்னும் தெரியவில்லை. வீடு போய்ச் சேருவதற்குள் கிடைக்காவிட்டால் நாளைக்குக் கிடைக்கும். குருவிளா சிக்னலில் நிறுத்தி அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் பச்சை விழக் காத்திருந்தார். ஏனெனில், என்று அவள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், ஏனெனில்.